கழுத்துக் கறுப்பு

தாலிக்கயிறு உரசின கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.
பீர்க்கங்கூட்டால் தேய்த்தேன்.
எலுமிச்சைத் தோல், பயத்தமாவு,
மகள் வாங்கிவந்த நூற்றிருபது ரூபாய்க் களிம்பு.
தோல் எரிந்தது. கறுப்பு போகவில்லை.

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
புதிதாகத் திறந்த லேபில்
வெறும் வயிற்றோடு ஒன்பது பேர்.
"பிரம்மசக்தி, நாப்பத்தாறு வயசு" என்று கூப்பிட்டான் பையன்.
விரல் நுனியில் குத்தினான்.
ரத்தம் வரவில்லை.
மறு விரல். வரவில்லை.
முப்பது வருஷம் இலை சுருட்டின விரல் தம்பி,
அங்கே குத்தினால் புகையிலைதான் வரும் என்றேன்.
சிரித்துக்கொண்டே முழங்கையில் நரம்பு தேடினான்.

முந்தின நாள் நான் யோக்கியமாக இருந்தேன்.
ஐந்து டீயிலும் சீனி இல்லை.
ராத்திரிச் சோறு பாதி.
பீடிக்கடையிலும் இப்படித்தான்,
செக்கர் வருகிற அன்றைக்கு மட்டும்
எல்லாக் கட்டும் ஒரே உயரத்தில் நிற்கும்.
டாக்டர் விரித்தது வேறு நோட்டு.
வெறும் வயிற்றில் நூற்றெட்டு, அது இன்றையக் கணக்கு.
ஆறு புள்ளி இரண்டு, இது மூன்று மாதக் கணக்கு.
ரத்தத்தின் சிவப்பிலேயே எழுதிவைத்திருக்கிறதாம்,
ரப்பர் போட்டு அழிக்க முடியாது.

"சீனி வியாதியா?"
"இன்னும் இல்ல. வாசல் வரைக்கும் வந்திருக்கு."
"இன்சுலின் கொறைஞ்சு போச்சோ?"
"இல்லம்மா. கூடுதலா இருக்கு."
அதுதான் எனக்கு ஏறவில்லை.
கூடுதல் என்றால் நல்லதுதானே.

பூட்டு என்றாள், சாவி என்றாள்,
துருவேறிய பூட்டு என்று படம் போட்டாள்.
என் வீட்டுக்கு நாதாங்கி மட்டும்தான்.
எனக்கு ஞாபகம் வந்தது அண்ணன் வயல்.
பிசானம் கதிர் வாங்குகிற நேரம்,
கால்வாய் கரை தொட்டு ஓடுகிறது,
வயலோ பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிறது.
நடுவில் ஒரு மடை, மண் இறுகி.
திறக்கச் சொல்லி ஒருவன் கத்துகிறான்.
கேட்கவில்லை என்று இன்னொருவனை அனுப்புகிறார்கள்.
பிறகு நாலு பேர், பிறகு எட்டுப் பேர்.
மடைக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

கத்தித் திரிகிற ஆட்கள் இன்சுலின்.
கரையை அரிக்கிற தண்ணீர் சர்க்கரை.
சாப்பிட்ட அரைமணியில்
சுளகின் மேலேயே என்னைச் சாய்க்கிற அசதி
வயலின் வெடிப்பு.
கழுத்துக் கறுப்பு,
அத்தனை பேரும் மிதித்து மிதித்து விழுந்த தடம்.

அப்படித்தானே என்று கேட்டேன்.
பேனாவை மூடிவிட்டு, "கிட்டத்தட்ட" என்றாள்.
"சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடங்க.
கால் சதை வேலை செஞ்சா
யாரும் கூப்பிடாமலே கொஞ்சம் தெறக்கும்."

பத்து நிமிஷம் என்பது பதினைந்து பீடி.
மூன்று வேளைக்கு நாற்பத்தைந்து,
இரண்டு கட்டுக்கு ஐந்து குறைவு.
மாசம் முடிகையில் ஒரு நாள் கூலிக்கும் மேலே போகும்.
இது அவள் எழுதிய சீட்டில் இல்லை.

ராத்திரி கால்வாய்க் கரையில் நடக்கிறேன்.
துணைக்கு எதிர்வீட்டு செய்யதலி பாத்திமா.
அவளுக்கு மாத்திரை தொடங்கி ஆறு வருஷம்.
இருபத்தைந்து எட்டுக்கு ஒரு கட்டு என்று
மனசுக்குள் நூல் சுற்றிக்கொண்டே போவேன்.
அவள் மருமகன் கதையை எடுப்பாள்,
எட்டாவது கட்டில் எண்ணிக்கை அறுந்துபோகும்.

மகள் டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்க்கிறாள்.
"கொறஞ்ச மாதிரியும் இருக்கு,
கொறையாத மாதிரியும் இருக்கு."
அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஐம்பது நாள்.

நேற்று ஆவுடையப்பன் வீட்டுக் கல்யாணத்தில்
பந்தியின் கடைசி இலை எனக்கு.
இரண்டு லட்டு.
ஒருத்தரும் பார்க்கவில்லை.
கை கழுவும்போதே தெரிந்தது,
நோட்டில் ஏறியிருக்கும்.
வந்த பஸ்ஸை விட்டுவிட்டு
அடுத்த ஸ்டாப் வரைக்கும்
முப்பது பீடியை நடந்தேன்.